எங்கள் கோயில் அம்பிளிபயரின் இரண்டு வால்வுகள்

இதை எழுதுவதா விடுவதா என்று சில வருடங்களாக யோசித்தேன். எழுதத் தொடங்கிய தாளைக் கிழித்தும் போட்டிருக்கிறேன். இதில் வருகிறவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே வரிசையில் நின்றுதான் நற்கருணை வாங்குகிறோம். எனக்குப் படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. ஆனால் கதை வாய்க்கு வாய் உருமாறி என் பிள்ளைகளின் காதுக்கும் வந்துவிட்டது. ஆண்டவரைச் சாட்சியாக வைத்து, நடந்ததை எழுதுகிறேன்.

முல்லைத்தீவுக் கரையில் உள்ள எங்கள் சின்னக் கோயிலுக்கு, பிரான்சில் இருக்கும் என் தம்பி ஒரு கிற்றார் அம்பிளிபயர் கொண்டுவந்து கொடுத்தான். பழைய றேடியோக்களைப் போல உள்ளே கண்ணாடி வால்வுகள். பின்பக்கம் திறந்திருக்கும். சத்தத்துக்குப் பலம் கொடுக்கிற பெரிய வால்வுகள் இரண்டும் எரிவது அதால் தெரியும். கோயில் யன்னல் ஒன்று பூட்டுப்படாது, அதனால் அது எங்கள் வீட்டில்தான் இருந்தது. உயிர்ப்புக்கு முந்தின பெரிய கிழமைக்கு மட்டும் குருத்தோலை ஞாயிறன்றே கொண்டுபோய்க் கோயிலில் வைப்பேன்.

அந்த வருடம் உயிர்ப்புத் திருப்பலியில் 'உன்னதங்களிலே' தொடங்க மணிகள் அடித்தன. கிற்றார் ஒரு வரி கேட்டது. பிறகு இரைச்சல், எரிந்த மணம். குனிந்து பார்த்தால், ஒரு வால்வின் உள்தகடு உலையில் போட்ட இரும்பு மாதிரிச் சிவந்திருந்தது. வயரைப் பிடுங்கினேன்.

பாடகர் குழுவின் பொறுப்பாளர் எனக்கு மச்சான் முறை. பூசை முடிய அவர் ரோச் லைற் அடித்து வால்வுகளைப் பார்த்தார்.

"மச்சான், ஒரு வால்வில கொம்பனி எழுத்துக் கிடக்கு. மற்றதில இல்லையே."

"அதுக்கு?"

"ஒண்டுமில்லை. உம்மட வீட்டிலதானே கிடந்தது. நல்ல வால்வுக்கு வெளியில நல்ல மதிப்பாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அடுத்த நாள் கரையில் மீன்வாடியில் அதே சிரிப்பை வேறு முகங்களிலும் கண்டேன். தம்பி கொடுத்த பொருளை நான் கழற்றி விற்றுவிட்டேன் என்பது ஒருவரும் சொல்லாமலே ஊருக்குள் பரவிவிட்டது.

கிளிநொச்சியில் றேடியோ திருத்துகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். அதற்குள் எனக்கும் ஒருவரிலும் நம்பிக்கை இல்லை. அவர் வால்வை மாற்றிவிடக்கூடாதென்று, மனைவி நகத்துக்குப் பூசுகிற கியூட்டெக்ஸால் இரண்டிலும் அடியில் பொட்டு வைத்திருந்தேன். அவர் கண்டுவிட்டார்.

"பொட்டு வைச்ச நீங்கள் பூவும் வைச்சிருக்கலாம். நம்பாட்டிக் கதிரையை இஞ்சால இழுத்துப் போட்டு இருந்து பாருங்கோ."

இருந்து பார்த்தேன். இரண்டையும் இடம் மாற்றிச் செருகி ஓடவிட்டார். சிவப்பும் வால்வோடு மற்றக் குழிக்குப் போனது. குழியிலேயே நின்றிருந்தால் உள்வேலையில் பிழை, கூடப் போனபடியால் வால்வில்தான் பிழை என்றார். மற்றதும் பாதி அவிந்துபோயிருந்தது.

"சோடியாத்தான் மாத்தவேணும். ஒண்டை மட்டும் மாத்தினா முழுப் பாரமும் அதின்ர தலையில விழும்."

எழுத்தைப் பற்றிக் கேட்டேன். ஈரப் பெருவிரலால் ஒரு தேய்ப்பு. எழுத்து அழிந்து விரலோடு வந்தது. "இதையோ நம்பினவை?" என்றார். இருந்த எழுத்தும் போய்விட்டது. எப்படிப் போனது என்று கண்டவன் நான் ஒருவன்தான், என் பேச்சை யார் கேட்பார்கள்?

"இதைப் பொத்தி வைச்சு, சூடு போக வழியில்லாமல் ஓடவிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"அப்ப எனக்குத் தெரியாது."

அவர் எதையோ மறைக்கிறார் என்றே நினைத்தேன்.

கொழும்பிலிருந்து ஒரே அளவான சோடி வந்தது. செருகி, மீற்றர் பிடித்துக் கறண்டைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தார். தகடு சிவக்கவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் 'பொத்தி வைச்சு' என்ற சொல் மனதில் உறுத்தியது.

பெரிய கிழமையில் மாதா, புனிதர் சுரூபங்களை ஊதாச் சீலையால் மூடுவோம். உயிர்ப்புக்குத்தான் திறப்போம். கோயிலைப் பார்க்கிற மூப்பர் வாத்தியங்களையும் சேர்த்து மூடிவிடுவார். நேரே கோயிலுக்குப் போய் அலுமாரியில் இருந்த சீலைகளை விரித்துப் பார்த்தேன். ஒன்றில் மண்ணிறமாக ஒரு கருகல் வட்டம்.

மூப்பர் ஒளிக்கவில்லை. "ஓம் தம்பி, பெரிய சனி பின்னேரம் உம்மட மச்சானும் குழுப் பிள்ளையளும் பாட்டுப் பழகினவை. நீர் உடுப்பு எடுக்க ரவுண் கடைக்குப் போனனீர். அவர் சீலையை எடுக்கப் பாத்தார், நான் விடேல்லை. ஆண்டவர் உயிர்க்க முன்னம் எப்பிடி எடுக்கிறது? மூடினபடிதான் வாசிச்சவை. ஒரு மணம் வந்தது. நான் சாம்பிராணி எண்டு இருந்திட்டன்."

வந்த ஞாயிறு, பூசை முடிய அவரே அதை எல்லோருக்கும் முன்னால் சொன்னார். மச்சான் சீலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூப்பர் இரக்கத்தில சொல்லுறார். இது அயன்பெட்டி பட்ட அடையாளமாயும் இருக்கலாம்."

மூப்பர் சீலையை வாங்கி மடித்தார்.

அம்பிளிபயர் இப்போது மச்சான் வீட்டில் இருக்கிறது. பெரிய கிழமையில் அதை மூடுவதில்லை. மூடவேண்டாம் என்று சொன்னது மச்சான்தான். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாட்டுக்கு நடுவில் எப்போதாவது இரைந்தால் சிலர் இன்னும் என் பக்கம்தான் திரும்புகிறார்கள்.

வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை யாருக்காவது சொன்னால் இருந்தபடியே சொல்லுங்கள். மூப்பர் கெடுத்தார் என்று கூட்டாதீர்கள். மச்சான் தெரிந்துகொண்டே பழியை என்மேல் போட்டார் என்று எனக்காகச் சேர்க்கவும் வேண்டாம். அது எனக்குத் தெரியாது, ஆண்டவருக்குத்தான் தெரியும்.