செடிக்குச் சோடா ஊற்றுகிறவர்

விடிந்ததும் எங்கள் வேலிக்கு மேலே ஒரு கை நீளும். செம்பருத்தியில் நன்றாக விரிந்த பூ ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதைவிட நன்றாக விரிந்த இன்னொன்றைக் கிள்ளிக்கொண்டு போகும். “யாரப்பா அது?” என்றால், “சாமிக்கு, பெரீம்மா” என்று பதில் வரும். கைக்கு உரியவர் இருசப்பன். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கோலி சோடா போடுகிறவர். அவர் சொல்லும் சாமி, அவர் வீட்டுக் கூடத்தில் ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கிறது. அதற்கு வாலும் செதிலும் உண்டு.

பூ அர்ச்சனைக்குப் போவதில்லை. இதழ்களை வெந்நீரில் கசக்கிச் சாறெடுத்து, வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரோடு சேர்த்துப் பார்ப்பார். ஊதா நிறம் நின்றால் அன்றைக்கு முகத்தில் களை இருக்கும். பச்சை பாய்ந்தால் தண்ணீரில் சுண்ணாம்பு மிஞ்சிவிட்டது. மழைத் தண்ணீர் கலக்க வேண்டும். சிவந்தால் காஸ் மிஞ்சிவிட்டது. சோடாவைக் குறைக்க வேண்டும்.

சோடாவா என்று கேட்பீர்கள். சோடாவேதான். தண்ணீருக்குள் வளரும் செடிக்குக் கரியமில வாயு ஆகாரம்; தானாகக் கரைந்து வருவது அதற்குப் பற்றாது. சோடா பாட்டிலில் அடைப்பதும் அதே வாயு. இந்த ரகசியத்தை இருசப்பனுக்குச் சொன்னவர் ஒரு வெள்ளைக்காரத் துரை, எங்கள் ஊர் வாயில் ‘மிசே’. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய வருஷம், அவர் தன் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். துணி அடுக்க ஒரு அலமாரி வாங்கத்தான் இருசப்பன் போனார். “அலமாரி வாங்கியாரப் போன மனுசன், கண்ணாடிக் கொளத்தத் தூக்கிக்கினு வந்து நிக்குது” என்று அவர் மனைவி தில்லையம்மாள் இன்றும் வருவோர் போவோரிடம் சொல்கிறாள். துணி இன்னமும் கொடியில்தான் தொங்குகிறது.

முதலில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார். ஊசுட்டேரியிலிருந்து பிடுங்கி வந்த வேலம்பாசியும் கொட்டிக்கொடியும் இலையெல்லாம் வெள்ளை பூத்து, விபூதி பூசியவை போல நின்றன. சரியென்று வெறும் மழைத் தண்ணீரை ஊற்றினார். அரை பாட்டில் சோடாவுக்கே செம்பருத்திச் சாறு ரத்தமாகச் சிவந்தது. கடைசியில் இரண்டையும் கலந்து, நோணாங்குப்பத்துக் கழிமுகத்தில் பொறுக்கிய கிளிஞ்சலைக் கொஞ்சம் அடியில் போட்ட பிறகுதான் தண்ணீர் ஒரு நிலைக்கு வந்தது. “தண்ணியும் மனுசன் மாதிரிதான் பெரீம்மா. ஒடம்புல கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தாத்தான் அடி தாங்குது” என்றார். சொல்லும்போது தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

வெயில் ஜன்னலைத் தொட்டதும் ஒரு பாட்டில் சோடாவைக் கண்ணாடி ஓரமாக, குழந்தைக்குச் சங்கில் மருந்து புகட்டுவது போல ஊற்றுவார். சற்று நேரத்தில் இலை நுனிகளில் முத்து முத்தாகக் குமிழிகள் ஏறும். அங்குள்ள அயிரை மீன்கள் ஏப்பம் விடும். இதை நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. என் காதால் கேட்டேன். அதிலே பெரிய அயிரை ஒன்று, விருந்தாளி இருந்தால் மரியாதைக்கு அடக்கிக்கொள்ளும்.

எல்லாம் சரி, கடை என்ன ஆயிற்று? சோடா இயந்திரம் தில்லையம்மாளின் அண்ணன் சக்கரபாணியுடையது. சுற்றும் கை மட்டும் இருசப்பனுடையது. பாட்டிலைச் சட்டத்தில் மாட்டிச் சுற்றும்போது, செடிக்குப் போகும் பாட்டிலுக்கு அந்தக் கை கூடுதலாகச் சுற்றியது. ஊராருக்குப் போகும் பாட்டிலுக்கு அதற்கேற்பக் குறைத்துச் சுற்றியது. மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் காத்தவராயன் ஒருநாள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இன்னாய்யா இது, சோடாவா தீர்த்தமா? துளசி போட மறந்துட்டியா?” என்று கேட்டுவிட்டான். கேட்டது சக்கரபாணி காதில் விழுந்துவிட்டது.

கோரிமேட்டு ராஜாங்கம் வீட்டுக் கல்யாணத்துக்குச் சோடா போட ஒப்புக்கொண்டிருந்த சமயம் அது. சக்கரபாணி தொட்டிக்கு எதிரே நின்று தீர்ப்பைச் சொன்னார். “தோ பாரு மாப்ள. கல்யாணத்துல ஒரே ஒரு பாட்டிலு சீறாம போச்சுன்னாலும், இந்தத் தொட்டிய அலாக்காத் தூக்கி ஊசுட்டேரியில கவுத்துருவேன். மீனு அது ஊருக்குப் போவட்டும், நீ உன் வேலயப் பாரு.”

இருசப்பன் தலையாட்டினார். அவருக்கு இன்னொரு கவலை இருந்தது. கொட்டிக்கொடியில் முதல் முதலாக ஒரு மொட்டு வந்திருந்தது. கல்யாணத்தன்று பகல் முழுவதும் அவர் கோரிமேட்டில் இருக்க வேண்டும். அதுவரை மொட்டு பட்டினி கிடக்குமா? ஆகவே முதல்நாள் சாயங்காலம், நாளைய பங்கையும் சேர்த்து, நன்றாகச் சுற்றிய இரண்டு பாட்டில்களைத் தொட்டியில் ஊற்றிவிட்டார். பயணம் போகிறவர்களுக்குக் கட்டுச்சோறு கட்டித் தருவதில்லையா, அந்தக் கணக்கு. செடி வெயிலில் மட்டும்தான் சாப்பிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். மொட்டு வந்த வீட்டில் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

அந்த இரண்டு பாட்டில் காஸ் கல்யாணக் கணக்கில் இடித்தது. கடைசி பாட்டிலுக்கு வரும்போது சிலிண்டர் ஒரு பெருமூச்சு விட்டு ஓய்ந்தது. அடுத்தது பட்டணத்திலிருந்து ரயிலில் வந்தால்தான் உண்டு. மச்சான் பக்கத்திலேயே நின்றதால் அந்த நோஞ்சான் பாட்டிலையும் பெட்டி ஓரத்தில் செருகினார். காலையில் எடுத்து ஒளித்துவிடலாம் என்பது எண்ணம்.

மறுநாள் காலை வேலிக்கு மேலே கை வரவில்லை. மனசு கேட்காமல் நானே ஒரு பூவைப் பறித்துக்கொண்டு போனேன். கூடத்தில் இருசப்பன் செம்பும் கையுமாக நின்றார். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. எப்போதும் அடியிலே கிடக்கும் பெரிய அயிரைகூட, மரியாதையெல்லாம் விட்டு, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. என் பூவைக் கசக்கினோம். சாறு குங்குமமாகச் சிவந்தது.

“ஆத்து தில்லை, ஆத்து! பாயசம் ஆத்துற மாதிரி ஒசரத் தூக்கி ஆத்து! காஸு வெளியப் போவட்டும்!”

“பெத்த புள்ளைங்களுக்கு ஒரு வாய் பாலு ஆத்தியிருப்பியா நீ?” என்று கேட்டபடியே தில்லையம்மாள் ஆற்றினாள். என் கையிலும் ஒரு லோட்டா வந்துவிட்டது. மூன்று பேரும் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்.

வாசலில் வண்டிமாடு தலையாட்டும் சத்தம் கேட்டது. “மாப்ள! பொட்டி எல்லாம் ஏத்தியாச்சு! நீ வரியா, மீனக் குளிப்பாட்டிட்டு வரியா?” என்று சக்கரபாணி குரல் கொடுத்தார்.

“நீ போ மச்சான், தோ வந்துட்டேன்!” என்றார் இருசப்பன், செம்பை இறக்காமல்.

ஒவ்வொன்றாக மீன்கள் கீழே இறங்கின. பெரிய அயிரை கடைசியாக, எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு இறங்கியது. அப்போதுதான் இருசப்பனுக்கு ஞாபகம் வந்தது. “தில்லை, அந்த ஓரத்துப் பொட்டி?”

“எல்லாத்தயும்தான் அண்ணன் ஏத்திக்கினு பூடுச்சே.”

கல்யாணத்தில் நானும் இருந்தேன். பந்தலில் சோடாக்கள் சீறிய சீறலுக்கு, நாதஸ்வரக்காரர் யாரோ தன்னோடு போட்டிக்கு வாசிக்கிறார்கள் என்று இரண்டு முறை நிறுத்திப் பார்த்தார். சம்பந்திகள் மெச்சினார்கள். இருசப்பன் பந்திக்கு உட்காரவில்லை. ஒவ்வொரு பாட்டிலும் திறக்கப்படும்போது கண்ணை மூடுவார், சீறியதும் திறப்பார். நடுவில் பெட்டிகளுக்கிடையே குந்திக்கொண்டு, ஒவ்வொரு கழுத்தாகக் கோலியைப் பார்த்துக்கொண்டே போனார். காஸ் குறைந்த பாட்டிலில் கோலி இறுகி நிற்காது. கடைசியில் ஒரு பாட்டிலைச் சட்டென்று எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தார். அதன் கோலி, விழலாமா வேண்டாமா என்ற யோசனையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பினால், எதிரே சக்கரபாணி.

“இன்னா மாப்ள, அத்த மட்டும் கட்டிப் புடிச்சினு நிக்கற?”

“தாகம் மச்சான்.”

“அப்ப ஒட. நானும் கேக்கறேன்.” சக்கரபாணி காதருகே கையைக் குவித்துக்கொண்டார்.

இருசப்பன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கோலி ‘டொக்’கென்று விழுந்தது. அந்தக் கணமே பற்களைக் கடித்து, உதட்டை இழுத்து, மூச்சு தீரும்வரை “புஸ்ஸ்ஸ்ஸ்” என்று நீளமாகச் சீறி முடித்து, பொங்காத நுரையை மீசையிலிருந்து புறங்கையால் துடைத்துக்கொண்டார்.