என் மேல் அருள் வந்த சாயங்காலம்

மாதம் ஒரு முறை, நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்க் குடிநோய்ப் பிரிவின் வரிசையில் நிற்கிறேன். மாத்திரை வாங்க வேண்டும், ஆலோசகரிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். தெரிந்த முகம் எதிர்ப்பட்டால் இப்போதெல்லாம் தலையைத் திருப்பிக்கொள்வதில்லை. என்னை இந்த வரிசையில் நிற்க வைத்தவர் எங்கள் கம்பெனியில் கழிவறை கழுவும் அக்கா. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன் என் பெருமையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் ஒரு முறை சாமியாக இருந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் விளாத்திகுளம் பக்கம். ஓசூருக்கு வந்து உதிரிபாகக் கம்பெனியில் மெஷின் ஓட்டக் கற்றேன். குடிக்கவும் இங்கேதான் ஒழுங்காகக் கற்றேன். ஆனால் கார்த்திகையில் மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாள் தொட மாட்டேன். மனைவி அழும்போதெல்லாம், நினைத்தால் நிறுத்துகிறவன் குடிகாரனா என்று மடக்குவேன். மாலையைக் கழற்றிய அன்றே ஜூஜுவாடி எல்லை தாண்டி கர்நாடகப் பக்கத்துச் சாராயக் கடைக்குப் போய்விடுவேன் என்பது வேறு கதை. விரதத்தின் முதல் சில நாள் கை நடுங்கும். ஓசூர்க் குளிர் என்பேன். கரிசல்காட்டுக்காரனுக்கு இந்தக் குளிர் தாங்காது என்று எல்லோரும் கேலி செய்வார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மாலை போட்ட இரண்டாம் நாள் சாயங்காலம், எங்கள் லைன் வீட்டு வாசலில் பஜனை. சரணம் சொல்லச் சொல்ல எனக்கு வேர்த்துக் கொட்டியது, உடம்பு உதறியது. சுவரெல்லாம் எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தெரிந்தது. நான் ஒரு கத்துக் கத்திவிட்டு விழுந்து வெட்டி வெட்டி இழுத்தேனாம். அருள் வந்துவிட்டது என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டதாம். என் முகத்துக்கு நேரே கற்பூரம் காட்டினார்களாம். என் மனைவி காலில் விழுந்து கும்பிட்டாளாம். பதினைந்து வருடக் குடித்தனத்தில் அந்த மரியாதை எனக்கு அன்றுதான் கிடைத்தது.

அடுத்த லைனில் குடியிருந்த அந்தக் கம்பெனி அக்காவும் பிரசாதம் வாங்க வந்திருந்தார். உத்தனப்பள்ளிக்காரர், வீட்டில் தெலுங்கு. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். மாலை போட்டவரைப் பொம்பளை தொடலாமா என்று யாரோ அதட்டினார்கள்.

"தொட்டது தப்புன்னா அந்தச் சாமி என்னக் கேக்கட்டும். இது அருள் இல்லீங்க, குடி இழுக்குது. கற்பூரத்த அணைச்சிட்டு நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க."

நாற்பது பேர் கைகூப்பி நிற்கும் இடத்தில், அதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். எனக்கு அதில் கால்வாசி கிடையாது. ஆம்புலன்ஸில் மனைவியோடு அவரும் ஏறிக்கொண்டார்.

மறுநாள் காலை வார்டில் கண் விழித்தபோது மனைவி என் நெற்றியில் விபூதி பூசிக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்தில் குறி கேட்க ஆள் வரத் தயாராகிவிட்டதாம். ஒருவருக்கு மகள் கல்யாணம் எப்போது என்று தெரிய வேண்டுமாம். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளூர ஆசைதான். குடிகாரன் என்பதைவிட சாமியாடி என்பது கௌரவம் அல்லவா?

டாக்டர் வந்தார். தினமும் நிறையக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம், நிறுத்துவதையும் மருந்தோடுதான் செய்ய வேண்டும் என்றார். அளவு தெரிந்தால்தான் மருந்தைச் சரியாகக் கொடுக்க முடியும். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்.

"எப்பவாவது சார். ஃப்ரெண்ட்ஸ் கூட."

மனைவியும் தலையாட்டினாள். அக்கா கஞ்சித் தூக்கோடு கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"இல்லீங்க சார். டாய்லெட்ல ஃப்ளஷ் தொட்டிக்குப் பின்னால இருந்து இவரு குடிச்ச காலி பாட்டில தெனமும் எடுத்துப் போடறவ நான்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நான் பெர்மனென்ட், அவர் கான்ட்ராக்ட். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வேலை போய்விடும். அதையே சொல்லி மிரட்டினேன். இன்றுவரை எனக்கு வெட்கம் தருவது வலிப்பு இல்லை, அந்த மிரட்டல்தான். அவர் குரலை உயர்த்தவில்லை.

"வேல போனாப் போவுதுங்க. எங்க வீட்டுக்காரரும் இப்பிடித்தான் படுத்துக்கினு எப்பவாவதுன்னு சொன்னாரு. மானம் போயிடுமேன்னு நானும் ஆமான்னு தலையாட்டுனேன். நாலாம் நாளு வெள்ளத்துணி சுத்திக் குடுத்தாங்க."

தலையாட்டிய என் மனைவி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை.

"காலையில ஒரு குவாட்டர், ஷிஃப்ட் நடுவுல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு சார். மாலை போடப் போன அன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன்."

டாக்டர் எழுதிக்கொண்டு, நர்ஸிடம் ஊசி பற்றி ஏதோ சொன்னார்.  மனைவி அக்காவின் கையிலிருந்த தூக்கை வாங்கி, கஞ்சியை டம்ளரில் ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

இரண்டு நாளாக "சாப்பிடுங்க சாமி" என்று சொல்லி வந்தவள், "குடிங்க" என்று மட்டும் சொன்னாள்.