பூசணி பூத்த வாரம்

மர்பி டவுனில் குடியிருந்த யாமினி, பூக்களையும் தேனீக்களையும் ஆராயும் குழுவில் வேலை பார்த்தாள். ஏரிக்கரையில் அவள் ஆராய்ச்சிக்காக வளர்த்த பூசணிகள் பூத்த வாரம், ஒரு காலையில் கொடிகளுக்கு அடியில் தேனீக்கள் கொத்தாகச் செத்துக் கிடந்தன. மருந்து வாடை இன்னும் போகவில்லை.

"எல்லாம் போச்சு மேடம்," என்று போனில் அழுதாள்.

"இந்த ரிசல்ட்ட நம்பித்தான் இருந்தோம். இனிமே ஃபண்டும் கிடையாது, யாமினி. குரூப்பையே மூடறாங்க," என்றார் குழுத்தலைவி மமதா.

வீட்டில் அப்பா முனிரத்தினம் சாப்பிட உட்கார்ந்திருந்தார். தெருத்தெருவாகக் கொசு மருந்து அடிப்பது அவருடைய கூலி வேலை.

"நேத்து ஏரிப் பக்கம் டியூட்டிம்மா. நீ உக்கார்ற எடமாச்சேன்னு உன் செடிங்ககிட்ட ரெண்டு வாட்டி அடிச்சேன். இனிமே உன்ன கொசு கடிக்காது."

யாமினி அவர் தட்டில் குழம்பு ஊற்றினாள். "சரிப்பா," என்றாள்.