மேலே போட்டுக் காட்டுங்க

அந்த ஆடி மாதம் நஸ்ருன்னிசா யாரையும் சும்மா விடவில்லை. தண்ணீர் லாரிக்காரன், எதிர்வீட்டு நாய், கூவ மறுத்த குக்கர் என்று வரிசையாக எல்லோருக்கும் பாட்டு விழுந்தது. உண்மையான கோபமோ புருஷன் மேல். ஆனால் அப்துல் கய்யூம் அகப்பட்டால்தானே திட்டுவதற்கு?

தி. நகரில் பெரிய பட்டுக்கடை ஒன்றில் அவர் சேல்ஸ்மேன். மகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது சைதாப்பேட்டையில் ரயில் ஏறினால், வீடு தூங்கிய பிறகுதான் திரும்புவார். ஆடித் தள்ளுபடி தொடங்கிவிட்டால் வார விடுமுறையும் கிடையாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது கய்யூமின் லீவு எந்த மூலைக்கு? வீட்டில் இருக்கும் கொஞ்ச நேரமும் கால்வலி என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். வாடகை, கரன்ட் பில், டியூஷன் எல்லாம் நஸ்ருன்னிசா தலையில். போதாததற்கு ஊரார் புடவைக்கெல்லாம் ஃபால்ஸ் அடித்து அவளும் முதுகை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

இந்த லட்சணத்தில், ப்ளஸ் ஒன் படிக்கும் ஒரே மகள் மஹ்விஷ், கூடப் படிக்கும் ஹம்சினியைக் கன்னத்தில் அறைந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாயே திறக்கவில்லை. பெற்றவர்கள் வரவேண்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். "லீவு தர மாட்டான், நீயே போய்ட்டு வா" என்று கய்யூம் கழன்றுகொண்டார். நஸ்ருன்னிசா போனாள். தலைமை ஆசிரியை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"அப்பா எங்க? அவர் வந்து பேசணும். நாளைக்கும் வரலைன்னா டி.சி. வாங்கிட்டுப் போயிடுங்க."

கடைக்குள் சேல்ஸ்மேன்கள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் நஸ்ருன்னிசா பள்ளியிலிருந்து நேராக மாம்பலத்தில் போய் இறங்கி, ரங்கநாதன் தெருக் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு நடந்து, பட்டுப் பிரிவில் அவருடைய கவுன்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. கல்யாணத்துக்குப் பாக்கறீங்களா?"

முகம் நிறைய ஒரு சிரிப்பு. இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்தச் சிரிப்பை அவள் பார்த்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. போகிற வருகிறவர்களுக்கெல்லாம் இதை வழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வெறும் சட்டியைக் கொண்டுவருகிறாரா? முகத்தை மூடிய புர்காவுக்குள் இருப்பது யார் என்று தெரிந்ததும் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"இங்க இன்னாத்துக்கு வந்த?" என்று புடவைக்குள் குனிந்து முணுமுணுத்தார்.

"பட்டு எடுக்கத்தான். அரக்குல காட்டுங்க."

பின்னால் சூப்பர்வைசர் சுப்பராமன் உலாத்திக்கொண்டிருந்தார். கய்யூம் பிரிக்க ஆரம்பித்தார்.

"நாளைக்கு நீங்க வரலைன்னா டி.சி. குடுத்துடுவாங்களாம்."

"காலைல கூட லீவு கேட்டேன். சீசன் முடியட்டும்ன்றான். வேலைய உட்டுட்டு வரச் சொல்றியா?"

"இது நல்லால்ல. நீலத்துல எடுங்க." குரல் மட்டும் உரக்க வந்தது. மேஜைமேல் புடவை குவிந்தது. வீட்டில் சுவரைப் பார்க்கும் ஆள் இங்கே அவளைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். அதில் அவளுக்குக் கொஞ்சம் ருசிகூடத் தட்டியது.

"இத மேல போட்டுக் காட்டுங்க."

"நஸ்ரு, வேணாம்."

"கஸ்டமர் கேக்கறேன்."

கய்யூம் மடிப்பெடுத்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நரைத்த மீசைக்குக் கீழே மயில்கழுத்து நிறத்தில் பட்டு.

சுப்பராமன் வந்துவிட்டார். "என்ன மேடம், ஒண்ணும் பிடிக்கலையா?"

நஸ்ருன்னிசா வழியெல்லாம் காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். ஒரு வாடிக்கையாளர் புகார் சொன்னதும் லாரன்ஸ் என்கிற சேல்ஸ்மேனை மறுநாள் ஒருநாள் மட்டும் வரவேண்டாம் என்று அனுப்பிவிட்ட கதையை முன்பு கய்யூமே சொல்லியிருந்தார். கேட்டால் கிடைக்காத லீவு, புகார் கொடுத்தால் கிடைக்கும். ஒருநாள் சம்பளம் போகும். போகட்டும்.

"உங்க ஆளு மரியாதையா பேசல. இது வாங்கற மூஞ்சியான்னு கேக்கறாரு."

அவர் அப்படி எதுவும் கேட்கவில்லை. சுப்பராமனின் முகம் மாறியது.

"யோவ், பொம்பளைங்ககிட்ட பேசத் தெரியாத நாய்க்கெல்லாம் கவுன்டர்ல என்னய்யா வேலை? உனக்குச் சோறு போடறதே இவங்கதான். நாளைக்கு நீ கடைப் பக்கம் வராத. முதல்ல மேடம்கிட்ட மன்னிப்பு கேளு."

நஸ்ருன்னிசா போட்ட கணக்கில் லீவு மட்டும்தான் இருந்தது, இந்த வார்த்தைகள் இல்லை. "பரவால்ல சார், உடுங்க" என்று அவசரமாகச் சொன்னாள்.

"கேளுய்யா."

தோளில் கிடந்த பட்டை எடுக்காமலே கய்யூம் கைகூப்பினார். "மன்னிச்சுக்கோங்க மேடம்."

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்கு வந்தார். வழியெல்லாம் அவளுக்கு நாலடி முன்னாலேயே நடந்தார். தலைமை ஆசிரியை அவருக்கு நாற்காலி காட்டிவிட்டு, இரண்டு பெண்களையும் வரவழைத்தார்.

"அப்பா முன்னாடியாவது சொல்லு மஹ்விஷ். எதுக்கு அடிச்ச?"

மஹ்விஷ் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அத்தா புடவை போட்டுக்கினு நிக்கறத போட்டோ எடுத்து க்ளாஸ் குரூப்ல போட்டா மேம். மஹ்விஷுக்கு ரெண்டு அம்மான்னு எழுதினா."

"புடவை எடுக்கப் போனப்ப எடுத்தேன். சும்மா ஜோக்குக்குத்தான் மேம்" என்றாள் ஹம்சினி.

"அது தப்புதான். உங்க வீட்ல நான் பேசிக்கறேன். ஆனா அடிச்சதுக்கு மஹ்விஷ் மன்னிப்பு கேட்டுட்டு க்ளாசுக்குப் போகட்டும்."

"மாட்டேன்" என்றாள் மஹ்விஷ்.

"நீங்க சொல்லுங்க சார்."

கய்யூம் எழுந்து நின்றார். "எங்க வீட்டு சார்பா நேத்து நானே ஒருத்தங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டேன் மேடம், ஒரு தப்பும் பண்ணாம. எம்பொண்ண கேக்கச் சொல்ல மாட்டேன்."

தலைமை ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. நஸ்ருன்னிசாவுக்குப் புரிந்தது. எந்த அவமானத்துக்காக மகள் கை ஓங்கினாளோ, அதையே நேற்று கடையில் உட்கார்ந்துகொண்டு தானே செய்துவிட்டு வந்திருக்கிறாள்.

"தப்பு என்னுது. நான் கேக்கறேன், மன்னிச்சுக்கோங்க" என்றாள்.

ஹம்சினியைப் பார்த்துச் சொல்லவில்லை, கய்யூமைப் பார்த்துத்தான் சொன்னாள். தலைமை ஆசிரியைக்கு விஷயம் முடிந்தால் போதும். "சரி, ரெண்டு பேரும் க்ளாசுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வாசலில் வந்து நின்றார்கள். பகல் முழுக்க அவர் வீட்டில் இருக்கப்போகிறார். அப்படி ஒரு நாள் வந்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"இன்னா ஆக்கட்டும்? மீன் வாங்கினு போலாமா?"

கய்யூம் திரும்பினார். முகம் நிறையச் சிரித்தார்.

"எது வேணும்னாலும் பண்ணலாம் மேடம். புடிக்கலைன்னா வேற கலர் காட்டறேன்."

கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டிய அதே சிரிப்பு. வீட்டில் இப்படி ஒரு சிரிப்புக்காக அவள் எத்தனையோ வருடமாக ஏங்கியிருந்தாள். இப்போது அதை நேராகப் பார்க்க முடியாமல், பையைக் கைமாற்றிக்கொண்டு மீன் மார்க்கெட் பக்கம் நடந்தாள்.