பாக்பைப்பும் பழைய மெட்டுப் புத்தகமும்

வார இறுதிகளில் கூலிக்குப் பாக்பைப் எனும் பைக்குழல் ஊதுகிறவர் யாராவது இதை வாசித்தால், பக்கத்து வீட்டுக்காரர் எப்போது உங்களோடு கதைப்பதை நிறுத்தினார் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும்.

சமையலறைப் பாடம்

அந்தக் காலத்து ஸ்கொட்லாந்துக்காரர், நம்மவர் ஜதி சொல்வதுபோல, மெட்டுகளை அசைகளாகப் பாடியே பழகினார்கள். அந்த அசைகளை அப்படியே அச்சடித்த பழைய தொகுப்பொன்றின் மறுபதிப்பு நூலகத்தில் கிடைத்தது. நகரத்தின் செயின்ட்-மிஷேல் பகுதியில், எங்கள் வீட்டுச் சமையலறையில் பருப்பைக் கிண்டியபடி, "ஹியோ ஹோட்ரோ ஹியோ" என்று ஒரு கிழமையாகப் பாடமாக்கினேன். ஏழாம் நாள் மேல்வீட்டு ராணி அக்கா திருநீற்றுப் பொட்டலத்தோடு கதவைத் தட்டினா.

"தங்கச்சி, பயப்படாதையுங்கோ. எத்தினை நாளா இது உங்களைப் பிடிச்சிருக்கு?"

மணமகள் வருகிறாள்

அதே நகரத்தின் அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு கலியாணம். மாப்பிள்ளை ஸ்கொட்லாந்து வம்சம், பொம்பிளை யாழ்ப்பாணம். பழைய தொகுப்பொன்றில் 'மணமகள் வரவேற்பு' என்றிருந்த மெட்டைத் தேடிப் பிடித்து, சோடி மண்டபத்துக்குள் நுழையும்போது ஊதினேன். பாதியில் மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வந்தார். அவரும் ஒருகாலத்தில் ஊதியவர். "இது செத்துப்போன குலத்தலைவனுக்கு ஊதுகிற ஒப்பாரி" என்று தன் கைபேசியில் வேறொரு தொகுப்பின் பக்கத்தைக் காட்டினார். பார்த்தால் அதே மெட்டுத்தான், பெயர் மட்டும் வேறு. அந்நாளில் தொகுத்தவர்கள் ஊருக்கு ஊர் கேட்ட பெயரை எழுதியிருக்கிறார்கள். நான் ஊதுவதை நிறுத்திவிட்டேன். சோடி நடுவழியில் நிற்கிறது. பொம்பிளையின் தகப்பன் என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அவர் சோடியை ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கலியாணம் எண்டால் ரெண்டும் சரிதானே பிள்ளை. நிப்பாட்டாமல் ஊதுங்கோ."

இடுகாட்டில்

ஜனவரி மாதம் ஒரு முதிய பாக்பைப் கலைஞரை அடக்கம் செய்தார்கள். அவர் தன் புத்தகத்தில் அடையாளமிட்டு வைத்திருந்த கால் மணி நேர மெட்டை முழுதாக ஊதவேண்டும் என்பது மனைவியின் விருப்பம். பனியில் விரல் எது, குழல் எது என்று எனக்கே தெரியவில்லை. புத்தகத்தில் ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு சுற்றுகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். தப்பித்தேன் என்று பையை மடிக்கும்போது அந்த அம்மா வந்து, விறைத்துப்போன என் கையைத் தன் கையுறைக்குள் வைத்துக்கொண்டார். என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னார்:

"ரெண்டு சுற்றை விட்டுட்டாய். பரவாயில்லை, குளிரில அவரும் அதைத்தான் செய்வார்."

இந்த வாத்தியத்தில் இருப்பது ஒன்பதே சுரம்தான், அதைக் கேட்டுவிட்டு ஆட்கள் சொல்வதற்குத்தான் அளவே இல்லை.