சிவப்பு மையில் அடித்த இரண்டு மணி நேரம்

இன்று காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை திருத்தணியில் கரண்ட் இல்லை.

நான் தினமும் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரிலேயே உட்கார்ந்து, இரண்டு நாளாகப் பிடிபடாத ஒரு புரோகிராம் பிழையைப் பேப்பரில் எழுதியெழுதியே கண்டுபிடித்தேன். அந்த இரண்டு மணி நேரத்தையும் இந்த வார பில்லில் சேர்த்து, எனக்கு மணிக்கணக்கில் சம்பளம் தரும் லண்டன் கம்பெனிக்கு அனுப்பினேன்.

ஐந்தே நிமிடத்தில் மேனேஜர் சாட்டில் வந்துவிட்டார்.

"எங்கள் கண்காணிப்பு சாஃப்ட்வேர்படி அந்த நேரத்தில் உங்கள் கம்ப்யூட்டர் ஓடவே இல்லை. ஆதாரம் இருக்கிறதா? இல்லையென்றால் கான்ட்ராக்ட் இன்றோடு முடிந்தது."

யார் எப்போது வந்தார், போனார் என்று சென்டர் அண்ணன் நோட்டில் எழுதிவைப்பார். அவரிடம் ஓடினேன்.

"அண்ணா, காலையிலேர்ந்து நான் இங்கதானே இருக்கேன்?"

"ஆங், பேப்பர்ல ஏதோ எழுதிகினே இருந்தியே, பாத்தேனே."

நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கி, அந்தப் பக்கத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். என் பெயருக்கு நேராகப் பத்து முதல் பன்னிரண்டு வரை சிவப்பு மையில் கோடு போட்டு அடித்திருந்தது.

"என்னண்ணா இது?"

"கரண்ட் இல்லாத நேரத்துக்கு உன்கிட்ட துட்டு வாங்குவேனாம்மா? அதான் அடிச்சிட்டேன்."

அடித்தது ஏன் என்று மேனேஜரும் கேட்டார். உள்ளதைச் சொன்னேன்.

"நீங்கள் அங்கே இருந்ததை நம்புகிறேன். ஆனால் கரண்ட் இல்லாத நேரத்துக்குக் கடைக்காரரே பணம் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?"

இருபது நிமிடமாகப் பதிலை எழுதுவதும் அழிப்பதுமாக இருக்கிறேன். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். இப்போது கரண்ட் இருக்கிறது. இந்த நேரத்தை அண்ணன் அடிக்கமாட்டார்.