பூட்டுக்காரர் வீட்டுப் பூட்டு

அந்தத் தெருவிலேயே மட்டமான பூட்டு எந்த வீட்டில் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும், பூட்டுக்காரர் வீட்டில்தான் என்று. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சாவியைப் பாதி வெளியே இழுத்து, ஓர் உலுக்கு உலுக்கினால்தான் திரும்பும். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்து கொடுக்கிற மனிதர் சொந்த வாசலில் மல்லுக்கட்டுவதைப் பார்த்து, எதிர்வீட்டுத் தையல்காரம்மா, "என்னண்ணே, வேற நல்ல பூட்டுக்காரரா பாத்துக் கூப்பிடவா?" என்பாள். அவரும் சிரித்து வைப்பார். மாற்றுவதற்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் மாற்றக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு.

உத்தரவுக்குக் காரணம் மகன். கடையில் உட்கார மாட்டேன், வெளியூருக்கு வேலைக்குப் போகிறேன் என்றான் அவன். நிதானமாகப் பேசியிருந்தால் நாலு நாளில் தீர்ந்திருக்கும். நம் ஆளுக்கும் நிதானத்துக்கும் ஏழாம் பொருத்தம். கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே 'அவசரம்'. சாவி தொலைந்த கதையை வந்தவர் சொல்லி முடிப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டு நிற்பார். தொழிலுக்கு அது சரிதான். பெற்ற பிள்ளையிடமும் அதே அவசரத்தோடு, "போறதுன்னா வீட்டுச் சாவியை வச்சுட்டுப் போ" என்று கத்தினார். பையன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கினான். அம்மாக்காரி அதை எடுத்துக்கொண்டு தெருமுனைவரை ஓடி, அவன் சட்டைப்பையில் போட்டாள். "எப்ப வந்தாலும் யாரையும் கேக்க வேண்டாம்ப்பா. நீயே திறந்துட்டு உள்ள வா" என்றாள்.

போனவன் போனவன்தான். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டான். அவள் அழாத நாள் இல்லை, ஜெபிக்காத நாளும் இல்லை. ஒருநாள் விடியற்காலை முழங்காலிலிருந்து எழுந்து வந்தவள் முகம் தெளிந்திருந்தது.

"அவன் வருவாங்க. ஆண்டவர் மனசுல சொல்லிட்டார். வாசலை அவனுக்காக அப்படியே வைக்கச் சொன்னார்."

"எப்ப வருவானாம்?"

"அதைச் சொல்லல."

"நாள் கிழமை இல்லாம என்ன வாக்கு அது?"

"வருவான்னு சொன்னது போதாதா உங்களுக்கு?"

போதவில்லை. அதைச் சொல்ல வாய் வராமல் 'ஆமென்' சொன்னார். முதல் வருஷம் நம்பித்தான் சொன்னார். அடுத்த வருஷம் அவளுக்காகச் சொன்னார். அதற்கப்புறம், தும்மினால் கைக்குட்டை எடுக்கிற மாதிரி, அவள் ஜெபத்தை முடித்தால் இவர் ஆமென் சொல்வார். அவளோ நல்ல வீடு குறைந்த வாடகைக்குக் கிடைத்தும் போகவில்லை. கதவுக்கு வர்ணம்கூட வேறு அடிக்க விடவில்லை. பூட்டு தேய்ந்தது, அவள் நம்பிக்கை தேயவில்லை.

பக்கத்துத் தெருவில் திருட்டுப் போனது இவருக்குச் சாக்காகக் கிடைத்தது. மனைவி கடைக்குப் போன நேரம் பார்த்து, பூட்டின் மேல்முகத்தை அப்படியே வைத்துவிட்டு, சாவி நுழைகிற உள்குழலை மட்டும் மாற்றினார். வெளியே பார்த்தால் அதே பழைய பூட்டு. புதுச் சாவிக்கும் பழையதைப் போலவே தலை தேர்ந்தெடுத்து, பளபளப்புப் போக உரசி, அவள் சாவிக்கொத்தில் கோத்துவிட்டார். திருடனுக்குக்கூட அவ்வளவு நேர்த்தி வராது.

அவன் வந்தால் மணியை அடிக்கப்போகிறான், இது ஒரு விஷயமா என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அது பொய். அவன் வரமாட்டான் என்று அவர் எப்போதோ முடிவு கட்டிவிட்டார், அதுதான் நிஜம்.

சாயங்காலம் அவள் கதவைத் திறந்துவிட்டு அதிசயப்பட்டாள். "இன்னைக்கு லேசாத் திரும்புதே!"

"எண்ணெய் போட்டேன்."

"இத்தனை நாள் கழிச்சாவது தோணிச்சே. நல்லா இருங்க."

அந்த 'நல்லா இருங்க' அவரை முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சாப்பிட்டார், தூங்கினார். மனிதன் எதற்கும் பழகிவிடுவான்.

மழைக்காலம் முடிந்து சில மாதங்கள் கழித்து, கால்சட்டையைச் சுருக்கித் தைக்கக் கொடுப்பதற்காகத் தையல்காரம்மாவிடம் போனார். அவள் அளவு எடுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பெத்த பிள்ளைமேல இவ்வளவு வைராக்கியம் ஆகாது."

"யாரு, என்ன சொல்ற?"

"உங்க மகன் வந்துட்டுப் போனானே, தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் அண்ணியோட தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தீங்க. நல்ல மழை. தோள்ல ஒரு பெண்குழந்தை வேற. சாவியைப் போட்டுத் திருப்பிப் பாக்கிறான், எடுத்துச் சட்டையில துடைக்கிறான், மறுபடியும் போடுறான். மனசு கேக்காம நான் ஓடினேன். 'பூட்டை மாத்திட்டாங்களாக்கா?'ன்னு கேட்டான். 'பூட்டுக்காரர் வீடு, மாத்தியிருப்பார்ப்பா, உள்ள வந்து உக்காரு'ன்னேன். பாவி நான், அப்படியா சொல்லணும்! அந்தக் குழந்தை, 'இது யாரு வீடுப்பா?'ன்னு கேக்குது. 'யார் வீடோம்மா'ன்னு சொல்லிட்டு மழையிலேயே திரும்பிட்டான். வந்ததைச் சொல்ல வேண்டாம்னு கையெடுத்துக் கும்பிட்டான், அதான் இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். சட்டையில ஒரு நூல் மில் பேரும் ஊரும் போட்டிருந்துச்சு."

அன்று கடைக்கு வந்த ஒரு சாதாரண அலமாரிப் பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. கம்பி இரண்டு தடவை நழுவிக் கீழே விழுந்தது. வந்தவர், "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டுப் பூட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உடனே மனைவியிடம் சொல்லியிருக்க வேண்டும். எதிலும் முந்துகிற மனிதர் இதில் மட்டும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினார். தினமும் சாயங்காலம் அவள் அந்தக் கள்ளச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வருவாள். விளக்கைப் போட்டுவிட்டு, "உம்முடைய நேரம் எதுவோ, நான் காத்திருக்கிறேன்" என்று ஜெபிப்பாள். அவர் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார். ஆண்டவருடைய நேரம் வந்தது, வாசல்வரை வந்தது, நான்தான் திருப்பி அனுப்பினேன் என்று உள்ளுக்குள் கத்துவார். ஆமென் சொல்ல நாக்கு எழவில்லை.

"ஏங்க, கொஞ்ச நாளா நீங்க ஆமென் சொல்றதில்லையே?" என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

அதோடு உடைந்துவிட்டார். துணி மடித்துக்கொண்டிருந்தவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் திருட்டுக் கதையை இழுக்கவில்லை.

அவள் முதலில் கேட்டது பூட்டைப் பற்றி அல்ல. "வந்தானா? வந்தானா என் பிள்ளை?" என்றாள். முகம் அப்படி மலர்ந்தது. "குழந்தையா? பொண்ணா? பாத்தீங்களா, சொன்னபடியே அனுப்பிட்டாரே!" அந்தச் சந்தோஷத்தைப் பார்ப்பதுதான் அவருக்குப் பெரிய தண்டனையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் கண் ஆணியில் தொங்கிய சாவிக்கொத்துக்குப் போனது.

"அப்ப இத்தனை நாளும் நான் எதை நம்பித் திறந்துட்டு இருந்தேன்?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

"நான் இப்பவே போறேன். அவனைக் கையோட கூட்டிட்டு வந்துடுறேன்" என்று எழுந்தார்.

"கூட்டிட்டு வர உங்களை யார் அனுப்புறா? மன்னிப்புக் கேக்கப் போங்க. அதுதான் உங்க வேலை. கூட்டிட்டு வர்றவர் கூட்டிட்டு வருவார். போறதுக்கு முன்னாடி பழைய பூட்டை மாட்டிட்டுப் போங்க."

மாட்டினார். பழைய உள்குழலையும் அதன் சாவியையும் அவர் தூக்கிப் போட்டிருக்கவில்லை. பூட்டுக்காரன் எதைத் தூக்கிப் போட்டான்? மறுநாள் காலை பஸ் ஏறினார்.

நூல் மில் வாசலில் வேலை மாறுகிற நேரம். பஞ்சுத் தூசி படிந்த தலைகளோடு ஆட்கள் வெளியே வந்தார்கள். அவனை முதலில் அடையாளம் தெரியவில்லை, நடையை வைத்துத்தான் தெரிந்தது. அவனும் பார்த்துவிட்டான். பார்த்தும் வேறு பக்கம் நடந்தான். இவர் ஓடிப் போய் முன்னால் நின்றார்.

"பூட்டை மாத்துனது நான்ப்பா. அம்மாவுக்குத் தெரியாம மாத்தினேன். அவ சாவியையும் ஏமாத்தி மாத்தி வச்சேன். நீ வரமாட்டேன்னு நினைச்சுட்டேன். தப்பு என்னோடது."

விலகிப் போக எடுத்த காலை அவன் கீழே வைத்தான்.

"அம்மாவுக்குத் தெரியாதா?"

"நேத்துவரைக்கும் தெரியாது."

"அம்மா சொல்லி மாத்தலையா?"

"அவ நீ வருவேன்னு வாசல் கதவுக்கு வர்ணம்கூட மாத்த விடலைடா."

அவன் மில் மதிலோரமாகக் குந்தி உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண்பிள்ளை விக்கி விக்கி அழுதான். கூட வேலை செய்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். மழையில் திரும்பிய நாள் முதல் அவன் தன் தாயைப் பறிகொடுத்தவனாக இருந்திருக்கிறான் என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரு பூட்டை மாற்றி எத்தனை பேரை வெளியே நிறுத்திவிட்டோம் என்று நினைத்தபோது, அவன் தலையைத் தொட நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து எழுந்தான். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அப்பா என்றும் கூப்பிடவில்லை.

"நீங்க போங்க. நான் பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க."

'எப்போ?' என்று கேட்க வாய் துடித்தது. இன்றைக்கேவா, வாரக் கடைசியிலா, விடுமுறை கிடைத்தாலா? அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிடக் கால் பரபரத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் திரும்பினார். அவன் அவரை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. அவரும் கேட்டு வாங்கப் பார்க்கவில்லை.

வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் தனியாக வருவதைப் பார்த்தும் முகம் வாடவில்லை.

"என்ன சொன்னான்?"

"பாப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்னான்."

"எப்ப வர்றானாம்?"

"கேக்கலம்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் எதையும் 'எப்போ' என்று கேட்காமல் விட்டதில்லை. அவர் குற்றவாளி போலத் தலை குனிந்து வாசலிலேயே நின்றார்.

"உள்ள வாங்க" என்று சொல்லி, அவள் வழி விட்டு நகர்ந்து நின்றாள்.